‘ரெசிடென்ஷியல்’ என்றால் என்ன? தடுமாறும் பிள்ளைகளுக்கான தங்கிப் பெறும் சிகிச்சை

போன வருடம் மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தோழி ஒருத்தி போன் செய்தாள். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவள். அவளுடைய 16 வயது மகள் ஆறு நாளாக மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருந்தாள். “அக்கா, நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்றாங்களாம். ஆனா நேரா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க, ரெசிடென்ஷியல் பத்தி யோசிங்கன்னு சோஷியல் வொர்க்கர் சொல்றாங்க. அது என்னக்கா? ஹாஸ்டலா, ஆஸ்பத்திரியா, சீர்திருத்தப் பள்ளியா?”

அவள் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. சமூகப் பணி படித்த காலத்தில் அப்படிப்பட்ட ஒரு மையத்தில் ஓராண்டு இரவு ஷிஃப்ட் பார்த்தவள் நான். அன்று இரவு அவளுக்குச் சொன்னதையும், அடுத்த மூன்று மாதத்தில் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து நான் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்; அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டம், இன்சூரன்ஸ் பற்றி இதில் வருவதெல்லாம் அமெரிக்காவுக்கு உரியவை.

முதலில் படிக்கட்டு. அமெரிக்காவில் மனநலச் சிகிச்சை படிப்படியாக அமைந்திருக்கிறது. கீழ்ப்படியில் வாரம் ஒரு முறை தெரபிஸ்டைப் பார்த்துவிட்டு வருவது. அதற்கு மேலே, பள்ளி முடிந்தபின் வாரத்தில் மூன்று நான்கு நாள், சில மணி நேரம் போய் வருவது. இதை ஐஓபி என்பார்கள். அதற்கும் மேலே பிஎச்பி: வாரத்துக்கு 20 மணி நேரமோ அதற்கு மேலோ பகல் முழுக்க அங்கே இருந்துவிட்டு, இரவு வீட்டில் தூங்குவது. உச்சிப் படி மருத்துவமனையில் சேர்ப்பது. உயிருக்கு ஆபத்து என்கிற நெருக்கடியைத் தணிப்பதற்கான இடம் அது. பெரும்பாலும் சில நாட்களில் அனுப்பிவிடுவார்கள். ரெசிடென்ஷியல் என்பது மருத்துவமனைக்கும் பிஎச்பிக்கும் நடுவில் இருக்கும் படி. பிள்ளை அங்கேயே தங்கும், தூங்கும், சாப்பிடும், பாடம் படிக்கும், சிகிச்சை பெறும். சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகலாம்.

இதில் எல்லோரும் தவறவிடும் விஷயம், படிக்கட்டு என்பது ஏறுவதற்கு மட்டுமல்ல என்பதுதான். ரெசிடென்ஷியலிலிருந்து வருகிற பிள்ளை பிஎச்பிக்கு இறங்கும், பிறகு ஐஓபிக்கு, பிறகு வாரம் ஒரு முறைக்கு. “அங்க அனுப்பிட்டா சரியாகி வந்துடும்” என்று நினைக்கிற பெற்றோர்தான் பிறகு அதிகம் உடைந்துபோகிறார்கள். ரிப்பேருக்கு விட்டு எடுத்துக்கொள்ள முடிகிற காரியம் இல்லை இது.

யாருக்கு இது தேவை?

21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை இப்படிப்பட்ட மனநல மையத்தில் மெடிகெய்ட் (குறைந்த வருமானமுள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) செலவில் சேர்ப்பதற்கு அமெரிக்க மத்திய அரசின் விதி மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தபடி, ஊரிலேயே கிடைக்கும் சிகிச்சை இந்தப் பிள்ளைக்குப் போதவில்லை. பிள்ளையின் நிலைக்கு மருத்துவர் பொறுப்பில் தங்கிப் பெறும் சிகிச்சை தேவைப்படுகிறது. அந்தச் சிகிச்சையால் நிலைமை தேறும், அல்லது மேலும் மோசமாகாது என்று எதிர்பார்க்க நியாயமான காரணம் இருக்கிறது. தனியார் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களும் இந்த மூன்றையும் தங்களுக்குத் தாங்களே கேட்டுக்கொள்ளலாம். கடும் மனச்சோர்வோடு திரும்பத் திரும்பத் தற்கொலை முயற்சி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, உணவுக் கோளாறு, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநோய், குடும்பமே பயப்படும் அளவுக்குக் கட்டுக்கடங்காத கோபம் — இவற்றுக்குக் கீழ்ப்படிகளில் முயன்று பார்த்தும் நிற்கவில்லை என்றால் இந்தப் படியை யோசிக்கலாம்.

மார்க் குறைந்தது, எதிர்த்துப் பேசுவது, ராத்திரி முழுக்க போன் பார்ப்பது, ஒரு தடவை வேப் பிடித்து மாட்டிக்கொண்டது — இதற்கெல்லாம் இது மருந்தாகாது. தண்டனையாக அனுப்பவே கூடாது. அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் “இப்படியே பண்ணினா ஊருக்கு அனுப்பிடுவேன்” என்கிற பயமுறுத்தல் ஒன்று உண்டு. அதே தொனியில் “ரெசிடென்ஷியல்ல போட்டுடுவேன்” என்று சொல்லிவிட்டால், நாளைக்கு உண்மையிலேயே தேவைப்படும்போது பிள்ளை அதைச் சிறை என்றே எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆரிகனைச் சேர்ந்த தாமஸ் டிஷன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1999-ல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையையே உலுக்கியது. வம்புக்குப் போகிற பிள்ளைகளை ஒரே குழுவாகச் சேர்த்துவைத்துச் சிகிச்சை தந்தபோது, சிலருக்குக் குழுவே பள்ளிக்கூடமாகிவிட்டது. விதிமீறலைப் பற்றிப் பேசினால் சிரிப்பும் கைதட்டலும் கிடைக்கிறது; அந்தக் கைதட்டல் புதுப் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது. ஆகவே, கோபமும் சட்டமீறலும் முக்கியப் பிரச்சினையாக உள்ள பிள்ளைக்கு, வீட்டுக்கே வந்து சிகிச்சை தரும் முறையை முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். மல்டிசிஸ்டமிக் தெரபி என்று ஒன்று இருக்கிறது. தெரபிஸ்ட் ஒருவர் நான்கிலிருந்து ஆறு குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்றிலிருந்து ஐந்து மாதம் வீட்டுக்கும் பள்ளிக்கும் நேரில் வருவார். ராத்திரி கூப்பிட்டாலும் அவருடைய குழுவில் யாராவது எடுப்பார்கள். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

தோழியின் மகளுக்கு இதெல்லாம் பொருந்தவில்லை. ஓராண்டில் மூன்றாவது முறையாக மருத்துவமனைக்குப் போயிருந்தாள்; ஐஓபியும் பிஎச்பியும் முயன்றாகிவிட்டது. மூன்று மணி நேர கார் பயணத்தில் இருந்த ஒரு மையத்தில் சேர்த்தார்கள். சேர்த்துவிட்டுத் திரும்பி வரும்போது காரிலிருந்தே எனக்கு போன். அவள் கேட்ட முதல் கேள்வி, “திருச்சியில பாட்டி கேட்டா என்னக்கா சொல்றது?” வேறு மாநிலத்தில் போர்டிங் ஸ்கூலில் சேர்த்திருக்கிறோம் என்று சொல்லிவிடலாம் என அவர்களே முடிவு செய்தார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.

மற்ற 23 மணி நேரம்

உள்ளே என்ன நடக்கிறது? விளம்பரக் கையேட்டில் குதிரை இருக்கும், ஏரி இருக்கும், ஓவிய அறை இருக்கும். அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தனியாகத் தெரபிஸ்டோடு உட்காருவது வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால் அதிகம். குழுவாக உட்காருவது தினமும் உண்டு. மனநல மருத்துவர் வாரம் ஒரு முறை மருந்தைப் பார்ப்பார். மிச்ச நேரம்? காலையில் எழுப்புவது, பல் தேய்க்கச் சொல்வது, சாப்பாட்டு வரிசை, பாடம், சண்டை, அழுகை, டிவி ரிமோட் யாருக்கு என்ற தகராறு, தூக்கம் வராத இரவு. ஒரு மணி நேரம் சிகிச்சை என்றால் மற்ற 23 மணி நேரம் என்ன என்று இந்தத் துறையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சூழலையும் சிகிச்சையாக ஆக்குவதுதான் ரெசிடென்ஷியலின் மையக் கருத்து. சாப்பாட்டு மேஜையில் நடக்கும் சண்டையும் அங்கே பாடம்தான்.

அந்த 23 மணி நேரமும் பிள்ளையோடு இருப்பவர்கள் மருத்துவர்களோ தெரபிஸ்டுகளோ அல்ல. ஷிஃப்ட் ஊழியர்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள், குறைந்த சம்பளம், சில வாரப் பயிற்சி. நான் அப்படித்தான் இருந்தேன். ராத்திரி 11 மணிக்கு உள்ளே போவேன். கையில் ஒரு அட்டை, ஒரு சின்ன டார்ச். 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு அறைக்கும் போய், போர்வை ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். முகத்தில் வெளிச்சம் அடிக்கக் கூடாது. சுவரில் அடித்து, அந்த மங்கலில் மூச்சைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் கட்டத்தில் நேரமும் கையெழுத்தும். அறைகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சில பிள்ளைகளின் ஷூக்களில் லேஸ் இருக்காது. முதல் வாரம் எனக்கு அது மனதைப் பிசைந்தது. பிறகு, அந்த 15 நிமிட நடைதான் சில பிள்ளைகளுக்குத் தூக்கம் வரவைக்கிறது என்பதைக் கவனித்தேன். “ஆர் யூ ஸ்டில் தேர்?” என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வரும். “இங்கதான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போவேன்.

அதே மையத்தில் ஒரு நாள், உடன் வேலை செய்தவர் காலை வரைக்குமான கட்டங்களை நள்ளிரவிலேயே நிரப்பி வைத்திருந்ததையும் பார்த்தேன். மேலதிகாரியிடம் சொன்னேன், பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அன்றிலிருந்து, எந்தப் பெற்றோர் எந்த மையத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இரவு 2 மணிக்கு என் பிள்ளையோடு யார் இருப்பார்கள், எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர், அந்த ஆட்கள் எவ்வளவு காலமாக இங்கே வேலை செய்கிறார்கள்?

சிகிச்சை முறைகளில் அடிக்கடி காதில் விழும் பெயர் டிபிடி, அதாவது டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷா லினஹன் உருவாக்கியது. திரும்பத் திரும்பத் தற்கொலை எண்ணத்துக்குள் விழுகிறவர்களுக்காகத் தொடங்கியது, பிறகு பதின்பருவத்தினருக்கும் ஏற்ப மாற்றப்பட்டது. உணர்ச்சி வெள்ளமாக வரும்போது என்ன செய்வது என்பதை நீச்சல் சொல்லிக்கொடுப்பது போலப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் முறை.

அதில் ஒரு பயிற்சியைப் பக்கத்திலிருந்து காட்டுகிறேன். 15 வயதுப் பையன் ஒருவன் இரவுச் சாப்பாட்டின்போது தட்டைச் சுவரில் வீசினான். “ஏன் வீசினே?” என்று யாரும் அதட்டவில்லை. மறுநாள் தெரபிஸ்ட் ஒரு தாளில் அவனையே சங்கிலி வரையச் சொன்னார். கடைசி வளையம்: தட்டு. அதற்கு முன்? வரிசையில் ஒருவன் குறுக்கே புகுந்தான். அதற்கு முன்? மத்தியானம் சாப்பிடவில்லை. ஏன்? பசிக்கவில்லை. அதற்கு முன்? பென்சில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து எழுதினான்: காலையில் அப்பா போன், இந்தச் சனிக்கிழமையும் வர முடியாது என்று. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தட்டுக்கும் வரிசைக்கும் நடுவே இருந்த வளையத்தைப் பிடித்திருந்தால் அடிதடியைத்தான் தடுத்திருக்கலாம். போனை வைத்த நிமிடத்தில் பிடித்திருந்தால் அந்த நாளே வேறாகியிருக்கும். அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து எழுதினார்கள்: யாராவது ஊழியரிடம் “அப்பா வரல” என்று இரண்டு வார்த்தை சொல்வது, முடியாவிட்டால் முகத்தைக் கொஞ்ச நேரம் மிகக் குளிர்ந்த நீரில் வைப்பது. குளிர்ந்த நீர் முகத்தில் பட்டால் இதயத் துடிப்பு மெதுவாகும். அது உடம்பின் இயல்பு. அந்தச் சில நொடிகளில் யோசிக்க இடம் கிடைக்கிறது.

கட்டுக்கடங்காமல் போகும்போது பிள்ளையைப் பிடித்து அடக்குவதும் தனி அறையில் வைப்பதும் நடக்கிறது. இதை மறைக்காமல் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். மெடிகெய்ட் பணம் பெறும் மனநல ரெசிடென்ஷியல் மையங்களுக்கு 2001-லிருந்து தெளிவான விதி இருக்கிறது: உடனடி ஆபத்தைத் தடுக்க மட்டுமே செய்யலாம், தண்டனையாகவோ ஊழியரின் வசதிக்காகவோ கூடாது. உத்தரவின் கால அளவு 18 முதல் 21 வயது வரை அதிகபட்சம் 4 மணி நேரம், 9 முதல் 17 வரை 2 மணி நேரம், 9 வயதுக்குக் கீழே 1 மணி நேரம். ஆபத்து தணிந்ததும் அதற்கு முன்பே விட்டுவிட வேண்டும். பெற்றோருக்குக் கூடிய சீக்கிரம் தெரிவிக்க வேண்டும். இது உச்ச வரம்புதான். நல்ல மையத்தில் நிமிடக் கணக்கில் முடியும், அதுவும் அபூர்வமாகத்தான் நடக்கும். “போன மாசம் எத்தனை தடவை ஆச்சு?” என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

இருண்ட பக்கம்

சிகிச்சை மையம் என்ற பலகையை மாட்டிக்கொண்டு வேறு வேலை செய்த இடங்கள் அமெரிக்காவில் நிறைய இருந்தன, இன்றும் இருக்கின்றன. இந்தக் கிளையின் வேர் 1958-ல் கலிஃபோர்னியாவில் சார்லஸ் டீடெரிக் என்பவர் போதைக்கு அடிமையானவர்களுக்காகத் தொடங்கிய சினனான் என்ற அமைப்பில் இருக்கிறது. வட்டமாக உட்கார்ந்து ஒருவரை எல்லோரும் சேர்ந்து திட்டி, அவமானப்படுத்தி உடைப்பதுதான் அங்கே சிகிச்சை. உடைந்தால்தான் புதிதாகக் கட்ட முடியும் என்று நம்பினார்கள். சினனான் பிறகு ஒரு மதக் கூட்டமாகவே மாறி, 1978-ல் தங்களுக்கு எதிராக வாதாடிய வழக்கறிஞரின் தபால் பெட்டிக்குள் சாரைப் பாம்பல்ல, கொடிய விஷமுள்ள ராட்டில் பாம்பையே வைக்கும் அளவுக்குப் போனது. அமைப்பு மூடப்பட்டாலும் அந்த ‘உடைத்துக் கட்டும்’ எண்ணம் பதின்பருவத்தினருக்கான தனியார் பள்ளிகளுக்கும் முகாம்களுக்கும் பரவிவிட்டது. நடுராத்திரியில் கூலி ஆட்கள் வந்து படுக்கையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது, அதற்குப் பெற்றோரே பணம் கட்டுவது என்பதெல்லாம் அந்த வழியில் வந்த பழக்கம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். சிகிச்சைக்குப் போகும் பிள்ளை வாழ்நாள் முழுக்க நினைவு வைத்திருக்கும் முதல் காட்சி அதுவாக இருக்க வேண்டாம்.

2007-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ ஓர் அறிக்கை வெளியிட்டது. 1990-க்கும் 2004-க்கும் இடையே இப்படிப்பட்ட இடங்களில் இறந்த 10 பிள்ளைகளின் கதைகளை அது ஆராய்ந்தது. 2005 என்ற ஒரே ஆண்டில் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர்கள் துன்புறுத்தல் சம்பவங்களில் சம்பந்தப்பட்டிருந்ததாகவும் அது சொன்னது. அதன் பிறகும் ஆண்டுகள் ஓடின. 2020-ல் பாரிஸ் ஹில்டன் தன் பதின்வயதில் யூட்டாவில் அனுபவித்ததை வெளியே சொன்னார். 2021-ல் யூட்டா சட்டமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். அதே ஆண்டு அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. ஆண்டுக்கு நான்கு முறை ஆய்வு, வாரம் ஒரு முறையாவது யாரும் ஒட்டுக் கேட்காமல் குடும்பத்தோடு பேசும் உரிமை ஆகியவை அதில் உண்டு. 2024 பிப்ரவரியில் வட கரோலினாவில் ஒரு காட்டு முகாமுக்குச் சேர்க்கப்பட்ட 12 வயதுப் பையன், வந்து 24 மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறி இறந்தான். அந்த முகாமின் உரிமம் பறிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் செனட் நிதிக் குழு, அரசுப் பணம் வாங்கும் பெரிய நிறுவனங்களின் மையங்களைப் பற்றிக் கடுமையான அறிக்கை வெளியிட்டது. டிசம்பரில் பிள்ளைகள் நிறுவனங்களில் துன்புறுத்தப்படுவதைத் தடுப்பதற்கான மத்திய சட்டம் கையெழுத்தானது. அந்தச் சட்டம் முக்கியமாக ஆய்வுக்கும் பரிந்துரைக்கும்தான் வழி செய்கிறது. நேரடிக் கண்காணிப்பு இன்னும் மாநிலங்கள் கையில்தான். ஒரு மாநிலத்தில் இருக்கும் கண்டிப்பு அடுத்த மாநிலத்தில் இருக்காது.

இதில் பிள்ளையின் உரிமை எங்கே இருக்கிறது? 1979-ல் ஜார்ஜியாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், பெற்றோர் விரும்பினால் மைனர் பிள்ளையை மனநல மருத்துவமனையில் சேர்க்கலாம், அதற்கு முன் நீதிமன்ற விசாரணை கட்டாயமில்லை, ஆனால் நடுநிலையான மருத்துவர் ஒருவர் தேவையை ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில மாநிலங்கள் பிள்ளைக்குக் கூடுதல் குரல் கொடுக்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதானாலே மனநலச் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். இந்தியச் சட்டம் வேறு விதமாக யோசிக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, மைனர் பிள்ளையைச் சேர்த்தால் காப்பாளரோ அவர் அமர்த்தும் துணையாளோ முழு நாட்களும் பிள்ளையோடு தங்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரி என்றால் கூடவே ஒருவர் பாயை விரித்துப் படுக்கும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு, பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வரும் அமெரிக்க முறை நெஞ்சை அறுக்கத்தான் செய்யும். அந்த உறுத்தலை அடக்கிவிடாதீர்கள். சரியான கேள்விகளைக் கேட்கவைப்பது அதுதான்.

தேர்ந்தெடுக்கும்போது

மாநில உரிமம் இருக்கிறதா, கடந்த ஆய்வுகளில் என்ன குறை எழுதினார்கள் என்று உரிமம் தரும் துறையிடம் கேட்கலாம். பல மாநிலங்களில் இணையத்திலேயே கிடைக்கும். மருத்துவமனைகளின் தரத்தைச் சோதிக்கும் ஜாயின்ட் கமிஷன் போன்ற அமைப்பின் அங்கீகாரம் இருந்தால் நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. இணையத்தில் தேடும்போது வரும் ‘இலவச ஆலோசனை’ எண்களில் பலவற்றுக்குப் பின்னால் அந்த மையங்களின் பணமே இருக்கும். உங்கள் பிள்ளையின் மருத்துவரைக் கேட்பது அதைவிட மேல்.

நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் தூங்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் பிள்ளை ஒன்றோடு பேச முடியுமா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக: என் பிள்ளை என்னோடு எப்போது பேசலாம், பக்கத்தில் யாராவது இருந்து கேட்பார்களா? “முதல் மாதம் தொடர்பு கிடையாது, அவன் பொய் சொல்லி உங்களை ஏமாற்றப் பார்ப்பான், நம்பாதீர்கள்” என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளை சொல்வதை நம்பாதே என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் இடத்தில், தவறு நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வீட்டுச் சம்பாஷணைக்குள் மூன்றாம் ஆள் வரவேண்டிய இடம் குடும்பத் தெரபி ஒன்றுதான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. தனியார் மையங்களில் மாதம் பல்லாயிரம் டாலர் ஆகும். 2008-ஆம் ஆண்டுச் சட்டம், மனநலச் சிகிச்சையைத் தரும் இன்சூரன்ஸ் திட்டங்கள் அதை உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. ஆனாலும் ‘மருத்துவத் தேவை இல்லை’ என்று பாதியில் நிறுத்துவார்கள். மறுப்பைக் கடிதமாக வாங்குங்கள், மேல்முறையீடு செய்யுங்கள், அதற்குமேல் வெளி ஆய்வாளரிடமும் போகலாம். பள்ளியில் சிறப்புக் கல்வித் திட்டம் உள்ள பிள்ளை என்றால், படிப்புக்கே இது தேவை என்று காட்ட முடிந்தால் பள்ளி மாவட்டமும் செலவை ஏற்க வாய்ப்புண்டு.

18 வயது தாண்டினால் ஆட்டமே வேறு. கல்லூரி முதலாண்டில் படுக்கையை விட்டு எழ முடியாமல் போன மகனை, பெற்றோர் தங்கள் கையெழுத்தால் சேர்க்க முடியாது. அவனே சம்மதிக்க வேண்டும். அவன் எழுதிக் கொடுத்தால் தவிர மருத்துவர் உங்களிடம் விவரம் சொல்லத் தயங்குவார். எந்த நாளும் அவன் கிளம்பி வந்துவிடலாம். இன்சூரன்ஸ் மட்டும் 26 வயது வரை உங்களுடையதாக இருக்கலாம். அதனால் இந்த வயதினருக்கான மையங்களில் சமையல், வேலைக்கு மனுப் போடுவது, மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்வது என்று தனித்து வாழும் பயிற்சி கூடுதலாக இருக்கும். இங்கே பெற்றோரின் ஒரே ஆயுதம் உறவுதான். “கையெழுத்துப் போடு” என்று கெஞ்சுவதைவிட, “டாக்டரிடம் நான் எதைத் தெரிந்துகொண்டால் உனக்குப் பரவாயில்லை, எது வேண்டாம்?” என்று கேட்டால் வழி திறக்கும். எழுத்துச் சம்மதத்தை அப்படி வரையறுத்தும் தரலாம்.

வீடு திரும்புவது

தோழியின் மகள் இருந்த மையம் நல்ல மையம். சேர்ந்த முதல் வாரமே டிஸ்சார்ஜ் திட்டத்தைப் பேச ஆரம்பித்தார்கள். அப்படிப் பேசாத மையம் பிள்ளையை எங்கே அனுப்புவது என்று கடைசி நாளில்தான் தேடும். தினமும் பத்து நிமிடம் போன். ஞாயிறுதோறும் குடும்பமாகத் தெரபி.

இரண்டாவது ஞாயிறு நடந்ததைத் தோழி என்னிடம் சொன்னாள். அம்மா கேட்டது, “சாப்பிட்டியா?” அப்பா கேட்டது, “கெமிஸ்ட்ரி அசைன்மென்ட் அனுப்பினாங்களா?” பிள்ளை இரண்டுக்கும் “ம்” என்றாள். தெரபிஸ்ட் அப்பாவைப் பார்த்து, அடுத்த ஐந்து நிமிடம் கேள்விக்குறியில் முடியாத வாக்கியமாக மட்டும் பேசுங்கள் என்றாராம். மனிதர் தடுமாறிவிட்டார். ரொம்ப நேரம் கழித்து, “நீ இல்லாம வீட்ல டிவி சத்தமே இல்லம்மா” என்றார். அவள் அழுதாள். அந்த ஞாயிற்றுக்குப் பிறகுதான் அவள் சங்கிலித் தாள்களில் வீட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தாள். பத்து வாரம் மையத்தில் அவள் கற்றதில் பாதியை, அந்த ஞாயிறுகளில் பெற்றோரும் கற்றார்கள்.

மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது. மருத்துவமனையை விட்டு வந்த 7 நாளுக்குள் அடுத்த மருத்துவச் சந்திப்பு நடந்துவிட்டதா என்பதை இங்கே இன்சூரன்ஸ் நிறுவனங்களின் தர அளவுகோலாகவே வைத்திருக்கிறார்கள். ரெசிடென்ஷியலிலிருந்து வரும் பிள்ளைக்கும் அதே எச்சரிக்கை தேவை. அவள் சனிக்கிழமை வந்தாள். திங்கட்கிழமை பிஎச்பி தொடங்கியது. அதற்கு முன்பே வீட்டிலிருந்த மாத்திரைகளையெல்லாம் பூட்டிய பெட்டியில் வைத்து, சாவியை அப்பா எடுத்துக்கொண்டார். 988 என்ற எண்ணை மூன்று பேரின் போனிலும் சேமித்தார்கள். அமெரிக்காவில் எங்கிருந்தும், எந்நேரமும் நெருக்கடியில் பேசவோ செய்தி அனுப்பவோ உதவும் எண் அது. உயிருக்கு ஆபத்து என்றால் 911.

கிளம்புவதற்கு முன் பிள்ளையே ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும். இது ஒரே ஒரு பக்கம்தான். என்ன நடந்தால் ஆபத்து நெருங்குகிறது என்று எனக்குத் தெரியும். தனியாக என்ன செய்து பார்ப்பேன். யாரோடு இருந்தால் மனம் வேறு பக்கம் திரும்பும். யாரிடம் உதவி கேட்பேன். எந்த மருத்துவரை அழைப்பேன். வீட்டில் எதை என் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். பிள்ளையின் சொந்த வார்த்தைகளில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அதை ஃபிரிட்ஜில் ஒட்டினார்கள். நான் போய்ப் பார்த்தபோது, யாரிடம் கேட்பேன் என்ற இடத்தில் அம்மா, அப்பா, ஒரு தோழி, அதற்குக் கீழே தமிழில், கோணல் மாணலாக, ‘பாட்டி’.

மூன்று மாதமாகப் போர்டிங் ஸ்கூல் கதையை நம்பிக்கொண்டிருந்த அதே பாட்டி.

தோழிக்குக் கை நடுங்கியது. தெரபிஸ்டிடம் கேட்டாள்; இது உங்கள் மகளின் பட்டியல், அவள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். மகள் சரி என்றாள். அன்று காலையே வீடியோ காலில் திருச்சிக்குச் சொன்னார்கள். அம்மாதான் பேசினாள், பாதியில் பேச முடியாமல் போய்விட்டது. மீதியைப் பேத்தியே சொன்னாள். ராத்திரியில்தான் ரொம்பக் கஷ்டமா இருக்கும் பாட்டி, ரெண்டு மணிக்கு மேல எல்லாரும் தூங்கிடுவாங்க என்றாள்.

பாட்டி ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் எதையோ கணக்குப் போட்டார். “அங்க ராத்திரி ரெண்டுன்னா எனக்கு இங்க பகல் பதினொன்றரை. சமையல் முடிச்சுட்டுச் சும்மாதான் உக்காந்திருப்பேன். கூப்பிடு.”